விரல் முந்தியா, விருப்பம் முந்தியா?
மலையகப் புனைகதைகளை முன்வைத்துச் சில குறிப்புகள்

நடந்து முடிந்துவிட்ட ஒரு காரியத்துக்குக் காரணம் சொல்ல எங்கள் மஸ்கெலியாக் கடைத்தெருவில் மூன்று சொற்கள் உண்டு. லயத்திலிருந்து வருபவர் ‘தலையெழுத்து’ என்பார். எங்களவர் ‘நஸீபு’ என்பார். சிங்களச் சகோதரர் ‘கருமய’ என்பார். மூவரும் சொல்வது ஏறத்தாழ ஒன்றுதான்: இது என் கையில் இருக்கவில்லை. அண்மைக் காலமாக நான்காவது சொல் ஒன்றும் வந்து சேர்ந்திருக்கிறது. அது ‘மூளை’. நாம் முடிவெடுப்பதாக நினைப்பதற்கு முன்பே மூளை முடிவெடுத்துவிடுகிறது, சுயவிருப்பம் என்பது வெறும் பிரமை, இதை விஞ்ஞானம் நிரூபித்துவிட்டது என்று வார இதழ்களின் விஞ்ஞானப் பக்கங்களும் கைத்தொலைபேசிக் காணொளிகளும் சொல்லிக்கொண்டிருக்கின்றன.

இதற்கும் இலக்கிய விமர்சனத்துக்கும் என்ன சம்பந்தம் என்று வாசகர் கேட்கலாம். சம்பந்தம் நெருக்கமானது. ஒரு சிறுகதை நம்மைப் பாதிப்பதற்குக் காரணம், அந்தப் பாத்திரம் வேறுவிதமாகவும் நடந்திருக்கலாம் என்ற நம்பிக்கை. அந்த நம்பிக்கையை எடுத்துவிட்டால் கதைக்கும் பொலிஸ் நிலைய முறைப்பாட்டுக் குறிப்புக்கும் வேறுபாடு இல்லாமற் போய்விடும். மலையகக் கதைகளைப் பொறுத்தவரையில் இந்த விவகாரம் இன்னும் கூர்மையானது. மூளை ஆய்வாளர்கள் வருவதற்கு வெகுகாலம் முன்பே நமது விமர்சகர்கள் தோட்டத்து மனிதர்களைச் ‘சூழ்நிலைக் கைதிகள்’ என்று முத்திரை குத்தி முடித்துவிட்டார்கள். அனுதாபத்துடன்தான் குத்தினார்கள். அந்த அனுதாபம் அவர்களிடமிருந்து எதை எடுத்துக்கொண்டது என்பதே இந்தக் கட்டுரையின் கேள்வி.

முதலில் விஞ்ஞானம் உண்மையில் என்ன சொல்கிறது என்று பார்த்துவிடுவோம். 1965இல் ஜெர்மனியில் கோர்ன்ஹூபர், டீக்கே என்ற இருவர், மனிதன் தானாக விரலை அசைப்பதற்குச் சற்று முன்பே மூளையில் ஒரு மெல்லிய மின்மாற்றம் தொடங்கிவிடுவதைப் பதிவு செய்தார்கள். அதை ஆயத்த மின்னழுத்தம் எனலாம். 1983இல் அமெரிக்கரான பெஞ்சமின் லிபெட் ஒரு படி மேலே போனார். விரும்பிய கணத்தில் கையை அசையுங்கள், அசைக்க வேண்டும் என்ற எண்ணம் எப்போது தோன்றியது என்பதைச் சுழலும் கடிகாரப் புள்ளியைப் பார்த்துச் சொல்லுங்கள் என்று கேட்டார். எண்ணம் தோன்றியது அசைவுக்கு ஏறத்தாழ 200 மில்லிசெக்கன்கள் முன்பு. மின்மாற்றமோ சுமார் 550 மில்லிசெக்கன்கள் முன்பே தொடங்கியிருந்தது. அதாவது ‘நான் விரும்புகிறேன்’ என்று மனம் அறிவதற்கு முன்பே மூளை வேலையை ஆரம்பித்திருந்தது. 2008இல் ஜோன் டிலன் ஹெய்ன்ஸின் குழுவினர், இடது பொத்தானா வலது பொத்தானா என்ற தெரிவைப் பல செக்கன்களுக்கு முன்பே மூளைப் படத்திலிருந்து ஊகிக்கலாம் என்று காட்டினார்கள். அந்த ஊகம் சரியாக அமைந்தது ஏறத்தாழ நூற்றுக்கு 60 தடவை. காசைச் சுண்டிப் போட்டாலே 50 தடவை சரியாக வரும் என்பதை இங்கே நினைவில் வைக்க வேண்டும்.

காணொளிகள் இந்த இடத்தில் நின்றுவிடுகின்றன. ஆய்வு நிற்கவில்லை. 2012இல் ஆரன் ஷூர்கரும் சகாக்களும் வேறொரு விளக்கம் தந்தார்கள். மூளையில் எப்போதும் சிற்றலைகள் ஏறி இறங்கிக்கொண்டிருக்கின்றன. காரணமே இல்லாமல் ஒரு கணத்தில் கையை அசை என்று சொன்னால், அலை தற்செயலாக உயர்ந்து ஓர் எல்லையைத் தொடும் கணத்தில் கை அசைகிறது. அந்த ஏற்றத்தைப் பின்னோக்கிப் பார்த்து ‘முன்பே எடுத்த முடிவு’ என்று வாசித்துவிட்டோம் என்பது அவர்கள் வாதம். 2019இல் ஊரி மாவோஸ் குழுவினர் செய்த சோதனை இலக்கியக்காரருக்கு இன்னும் சுவையானது. இரண்டு தொண்டு நிறுவனங்களில் எதற்குப் பணம் போக வேண்டும் என்று தெரிவு செய்யச் சொன்னார்கள். எதைத் தெரிந்தாலும் பலன் ஒன்றே என்ற நிலையில் பழைய ஆயத்த மின்மாற்றம் தென்பட்டது. தெரிவு உண்மையிலேயே விளைவை மாற்றும் என்ற நிலையில் அது ஏறக்குறையக் காணவே கிடைக்கவில்லை. பொருளற்ற விரலசைவை அளந்து, வாழ்க்கையின் முடிவுகளைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல முடியாது என்பதற்கு இதைவிட நல்ல எச்சரிக்கை வேண்டியதில்லை.

விரல் என்றதும் எங்கள் ஊரில் வேறொரு காட்சிதான் நினைவுக்கு வரும். கொழுந்து மலையில் பழகிய ஒரு பெண்ணின் கைகளைப் பார்த்தவர்களுக்கு லிபெட்டின் முடிவு அதிர்ச்சி தராது. இரண்டு இலையும் ஒரு மொட்டும் என்று அவள் எண்ணிக்கொண்டிருப்பதில்லை. மட்டக்கம்பை வைத்த கணத்திலேயே இரு கைகளும் போய்விடுகின்றன. முற்றின இலையை விரல் தானாகவே தவிர்க்கிறது. வாயோ பக்கத்து நிரையில் நிற்பவளோடு பிள்ளையின் பள்ளிக்கூடத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறது. ஒரு நாளில் ஆயிரக்கணக்கான தடவை விரல் முந்துகிறது. விருப்பம் பின்னால்கூட வருவதில்லை. இதனால் அவள் ஓர் இயந்திரம் என்று சொல்லிவிடலாமா?

என். எஸ். எம். இராமையாவின் ‘ஒரு கூடைக் கொழுந்து’ கதையை இந்தக் கேள்வியோடு மறுபடி வாசித்துப் பார்க்கலாம். 1980இல் இதே பெயரில் அவரது தொகுதி வெளிவந்தது. ஓர் இளம்பெண் வழக்கத்துக்கு மிஞ்சிக் கொழுந்து எடுத்துவிடுகிறாள். அது அவள் கை வேகத்தில் வந்த நிறையா, கணக்கில் யாரோ ஏற்றிக் கொடுத்த நிறையா என்ற சந்தேகம் கிளம்புகிறது. சந்தேகம் தொழிலைத் தாண்டி அவள் நடத்தையையே தொட்டுவிடுகிறது. அதை அவள் மலையிலேயே, கூடையைச் சுமந்துகொண்டே எதிர்கொள்கிறாள். நமது விமர்சகர்கள் இந்தக் கதையைப் பெரும்பாலும் தோட்டத்துக் காதல், உழைப்பின் பெருமை என்ற இரண்டு தலைப்புகளின் கீழ் முடித்துவிடுகிறார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது இன்னொன்று. கொழுந்து கிள்ளும் விரலில் அவளுடைய சுயவிருப்பம் இல்லை. என் பெயரை நானே மீட்டுக்கொள்வேன் என்ற தீர்மானத்தில்தான் அது இருக்கிறது. அந்தத் தீர்மானம் பழகிய விரலை வேலைக்கு அமர்த்துகிறது. லிபெட்டின் கடிகாரம் விரலை அளக்கும். அவளுடைய இரவை அதனால் அளக்க முடியாது.

எனினும் விவாதத்தை இத்துடன் நிறுத்தி வெற்றி கொண்டாடுவது நேர்மையாகாது. சுயவிருப்பத்தை மறுப்போரின் வலுவான வாதம் மில்லிசெக்கன்களில் இல்லை. 2023இல் ‘டிட்டர்மின்ட்’ என்ற நூலை எழுதிய றொபர்ட் சபோல்ஸ்கி லிபெட்டின் சோதனையைப் பெரிதாகப் பொருட்படுத்தவே இல்லை. அந்தத் தீர்மானம் எங்கிருந்து வந்தது என்றுதான் அவர் கேட்கிறார். நேற்றைய தூக்கம், போன மாதத்துப் பயம், பிள்ளைப் பருவத்துப் பசி, தாயின் கருப்பையில் கிடைத்த ஊட்டம், மரபணு, பிறந்த சமூகத்தின் நூற்றாண்டு வரலாறு என்று ஒவ்வொன்றாகப் பின்னே போனால் ‘நான்’ நுழைய இடைவெளியே இல்லை என்கிறார். அதே ஆண்டில் வெளிவந்த நூலில் கெவின் மிட்செல் இதற்கு எதிர்வாதம் வைத்தார். காரணங்களை எடைபோட்டுத் தன்னைத் தானே நெறிப்படுத்தும் ஆற்றல் உயிர்களிடம் படிப்படியாக வளர்ந்தது, அதுவே சுயவிருப்பம் என்பது அவர் நிலைப்பாடு.

தமிழ் மண்ணிலேயே நடந்த ஓர் ஆய்வு இந்த வாதத்துக்கு இரத்தமும் சதையும் தருகிறது. தமிழ்நாட்டின் விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களில் 464 கரும்பு விவசாயிகளிடம் அறுவடைக்கு முன் ஒரு தடவையும் பின் ஒரு தடவையும் சிந்தனைத் திறன் சோதனைகள் நடத்தப்பட்டன. முடிவுகள் 2013இல் ‘சயன்ஸ்’ சஞ்சிகையில் வெளியாயின. ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன் உள்ளிட்டோர் அதை எழுதியிருந்தார்கள். கரும்புக்காரருக்குப் பணம் ஆண்டில் ஒரு தடவைதான் வரும். அறுவடைக்கு முந்திய மாதங்களில் நகை அடகுக் கடையில் இருக்கும். அதே மனிதர், அதே மூளை. ஆனால் கைமுடையில் இருந்தபோது சோதனையில் குறைவாகவும் பணம் வந்த பின் கூடுதலாகவும் செய்தார். கடனைப் பற்றிய கவலை, தீர்மானம் எடுக்கும் ஆற்றலையே தின்றுவிடுகிறது என்பது ஆய்வாளர் கருத்து.

இந்த ஆய்வை மனதில் வைத்துக்கொண்டு தெளிவத்தை ஜோசப்பின் ‘மீன்கள்’ கதைக்குப் போவோம். லயத்து ஒற்றைக் காம்பராவுக்குள் வளர்ந்த பிள்ளைகளோடு ஒரு குடும்பம் படுத்தெழும்ப வேண்டிய நெருக்கடியும், அந்த இருட்டில் தகப்பனுக்கு நேர்ந்துவிடும் அவமானமும் அந்தக் கதையில் இருக்கின்றன. சபோல்ஸ்கி அதை வாசித்தால் தன் கட்சிக்குச் சாட்சியாக எடுத்துக்கொள்வார். குற்றம் அறையுடையது, மனிதனுடையது அல்ல என்பார். நமது முற்போக்கு விமர்சகரும் அதையேதான் சொன்னார். அறையின் குற்றம் உண்மைதான். ஆனால் அந்தத் தகப்பன் கூனிக் குறுகுகிறானே, அது ஏன்? சூழலின் கைதி வெட்கப்பட வேண்டியதில்லை. கல் உருண்டு கீழே விழுந்ததற்கு வெட்கப்படுவதில்லை. அவன் வெட்கப்படுவது, தன்னை இன்னும் பொறுப்புள்ள மனிதனாக அவன் வைத்திருப்பதால். ஜோசப் அவனைக் குற்றவாளி ஆக்கவில்லை. அதே வேளையில் அவனுடைய வெட்கத்தைப் பறித்துக்கொள்ளவும் இல்லை. இந்த இரண்டையும் ஒருசேரச் செய்தமையே அந்தக் கதையின் பலம். ‘சூழ்நிலைக் கைதி’ என்ற முத்திரை இரண்டாவதைத் துடைத்துவிடுகிறது.

இங்கே தத்துவ விவாதத்திலிருந்து வரலாற்றுக்கு வர வேண்டியிருக்கிறது. மலையகத்தில் சுயவிருப்பம் யாரிடம் இருந்தது, யார் எப்போது அதை ஒப்புக்கொண்டார்கள் என்பது தனிக்கதை. 1865ஆம் ஆண்டுச் சேவை ஒப்பந்தச் சட்டத்தின்படி தொழிலாளி தானாக விரும்பி ஒப்பந்தம் செய்தவன். ஆகவே அதை மீறி வெளியேறினால் குற்றவாளி. சிறைக்குப் போக வேண்டும். போவதற்கு மட்டும் அவன் விருப்பம் செல்லாது. கங்காணியின் கடனைச் சுமந்த ‘துண்டு’ இல்லாமல் அடுத்த தோட்டத்துக்கு நகர முடியாது. துண்டு முறை 1921இல்தான் சட்டத்தால் நீக்கப்பட்டது. 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களை எந்த நாட்டுக்கும் உரியவர் அல்லாதவர் ஆக்கியது. 1964 ஒக்டோபர் 30இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் ஒப்பமிட்ட உடன்படிக்கை, 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தது. எஞ்சிய 150,000 பேரின் கணக்கைப் பின்னர் தீர்ப்பதென விட்டுவைத்தார்கள். அது 1974இல் பாதிக்குப் பாதியாக முடிந்தது. உடன்படிக்கைக்குப் பிறகுதான் விண்ணப்பப் படிவங்கள் வந்தன: எந்த நாட்டை விரும்புகிறீர்கள்?

லிபெட்டின் ஆய்வுகூடத்தில் முன்னூற்றைம்பது மில்லிசெக்கன்களாக இருந்த இடைவெளி இங்கே ஆண்டுக்கணக்கில் நீண்டது. தொகை முதலில் தீர்மானமாயிற்று. விருப்பம் பின்னர் கேட்கப்பட்டது. அந்தத் தீர்மானம் நடந்த இடமும் அவர்கள் மூளை அல்ல. 1960களின் இறுதியில் மவுசாகலை நீர்த்தேக்கத்துக்காகப் பழைய மஸ்கெலியா நகரம் நீருக்குள் போனதும் இந்த வகையானதே. தண்ணீர் வற்றும் காலத்தில் கோயிலும் பள்ளிவாசலும் விகாரையும் எச்சங்களாக மேலெழும். அங்கே தொழுதவர்களுடைய விருப்பத்தை யாரும் அளந்து பார்த்ததில்லை.

மேலே இருப்பவன் தன் வெற்றிக்குச் சுயவிருப்பத்தையும் தன் தவறுக்கு விதியையும் காரணம் சொல்வது உலக வழக்கம். கீழே இருப்பவனைப் பற்றிப் பேசும்போது இந்த ஒழுங்கு தலைகீழாகிவிடுகிறது. அவன் முன்னேறினால் அதிர்ஷ்டம். முன்னேறாவிட்டால் அவனே காரணம். ‘சம்பளம் எடுத்த அன்றைக்கே குடிச்சுத் தீர்க்கிறான், பிறகு எப்படி உருப்படுவான்?’ என்ற வாசகத்தை எங்கள் கடை வாசல்களில் கேட்டே நான் வளர்ந்தேன். அதைச் சொல்பவர் தன் கடையில் நட்டம் வந்தால் ‘நஸீபு’ என்பார். மலைநாட்டைப் பற்றி எழுதும் நம்மவர் சிலரின் கதைகளில் இந்தக் கடை வாசல் பார்வை இன்னும் இருக்கிறது. அங்கே தோட்டத்து மனிதர் ஒன்றில் குடிகாரராகவோ வெகுளியாகவோ வருகிறார், அல்லது கடன் கொப்பியில் ஒரு பெயராக வந்து போகிறார். முடிவெடுப்பவராக வருவது அரிது. இந்த இதழின் வாசகர்களுக்கு முன்னால் இதைச் சொல்லாமல் விட்டால் வேறெங்கே சொல்வது?

நம்மவர் மரபில் இந்தக் கேள்விக்கு ஆழமான வேர் இருப்பதால் இன்னும் அழுத்திச் சொல்லலாம். களா கத்ர் பற்றிய சர்ச்சை இஸ்லாமிய சிந்தனையின் மிகப் பழைய சர்ச்சைகளுள் ஒன்று. எல்லாம் நிர்ப்பந்தமே என்றனர் ஜபரிய்யாக்கள். மனிதனே தன் செயலை ஆக்குகிறான், இல்லாவிடில் இறைவனின் நீதிக்குப் பொருளில்லை என்றனர் முஃதஸிலாக்கள். உமையாக்கள் காலத்தில் இது வெறும் ஏட்டுச் சுரைக்காயாக இருக்கவில்லை. ஆட்சியாளரின் அநியாயமும் இறை நாட்டமே என்ற வாதத்தை மறுத்தவர்கள் உயிரையும் விலையாகக் கொடுத்திருக்கிறார்கள். நாம் பின்பற்றும் அஷ்அரி மரபு ‘கஸ்பு’ என்ற சொல்லால் நடுவழி ஒன்றைக் கண்டது. செயலைப் படைப்பவன் இறைவன். அதை ஈட்டிக்கொள்பவன் மனிதன். உமர் (ரலி) ஷாமுக்குப் போகும் வழியில் அங்கே கொள்ளைநோய் பரவியிருப்பதை அறிந்து படையுடன் திரும்பிய நிகழ்ச்சியும் நமக்குப் பழக்கமானது. இறை நாட்டத்திலிருந்து ஓடுகிறீர்களா என்று கேட்கப்பட்டபோது, ஒரு நாட்டத்திலிருந்து இன்னொரு நாட்டத்தின் பக்கமே போகிறோம் என்ற கருத்தில் அவர் விடையளித்தார். விதியை நம்பிய ஒருவர், விதியைக் காரணம் காட்டிக் கைகட்டி நிற்க மறுத்த சந்தர்ப்பம் அது.

கஸ்பு பற்றிய இறையியல் நுணுக்கங்களை ஆலிம்களிடம் விட்டுவிடுகிறேன். இலக்கிய வாசகனாக அந்தச் சொல்லிலிருந்து நான் எடுத்துக்கொள்வது ஒன்று. சுயவிருப்பம் எல்லாருக்கும் ஒரே அளவில் பங்கிடப்பட்ட பொருள் அல்ல. அது ஈட்டிக்கொள்ளப்படுவது. ஈட்டுவதற்குத் தூக்கம் வேண்டும், சோறு வேண்டும், கதவு சாத்தக்கூடிய ஓர் அறை வேண்டும், பள்ளிக்கூடம் வேண்டும், நாளையைப் பற்றிக் கொஞ்சம் நிச்சயம் வேண்டும். விழுப்புரத்துக் கரும்புக்காரர்கள் சுயவிருப்பம் இல்லை என்று நிரூபிக்கவில்லை. அதன் விலை என்னவென்று காட்டினார்கள். வசதியுள்ளவன் அந்த விலையை உணராமலே கொடுத்துவிடுகிறான். அரைப்பேருக்கும் முழுப்பேருக்கும் இடையில் நாளை ஓட்டும் ஒருத்தி ஒவ்வொரு தீர்மானத்துக்கும் பன்மடங்கு கொடுக்கிறாள். அப்படிக் கொடுத்து அவள் எடுக்கும் முடிவைச் ‘சூழ்நிலை’ என்று நாம் எழுதிவிட்டால், அவள் ஈட்டியதை நாம் பறித்தவர்களாவோம்.

லிபெட் தன் சோதனையிலிருந்து சுயவிருப்பம் இல்லையென்ற முடிவுக்கு வரவில்லை என்பது பலருக்குத் தெரியாது. தூண்டுதல் அறியாமலே எழலாம், ஆனால் கை அசைவதற்கு முந்திய அந்தக் கடைசிக் கணத்தில் ‘வேண்டாம்’ என்று தடுக்க மனிதனால் முடியும் என்று அவர் கருதினார். சுதந்திரம் அவருக்கு மறுப்பில் இருந்தது. தமிழுக்கு இது புதிதல்ல. விருப்பத்தைச் சொல்ல ‘செய்வேன்’ போதும். மறுப்பைச் சொல்லவோ ‘மாட்டேன்’ என்று தனிச் சொல்லே வைத்திருக்கிறோம். ‘முடியாது’ என்பது இயலாமையாகவும் இருக்கலாம். ‘மாட்டேன்’ என்பதில் முடியும், ஆனாலும் செய்யேன் என்ற தொனி உண்டு. 1947இல் தலவாக்கலையிலிருந்து பாராளுமன்றத்துக்குத் தெரிவாகி, அடுத்த ஆண்டே தன் மக்கள் உரிமை இழப்பதைக் கண்ட சி. வி. வேலுப்பிள்ளை (1914-1984) தன் நாவல் ஒன்றுக்கு ‘இனிப் படமாட்டேன்’ என்று பெயர் வைத்தார். மலையக இலக்கியத்தில் இதைவிடத் தத்துவக் கனமுள்ள தலைப்பை நான் அறியேன். பட்டதெல்லாம் என் கையில் இருக்கவில்லை என்ற ஒப்புதலும், இனி அப்படியல்ல என்ற மறுப்பும் அந்த இரண்டு சொற்களுக்குள் சேர்ந்தே இருக்கின்றன.

மறுப்பு எப்போதும் கால் செக்கனில் முடிவதும் இல்லை. நாட்சம்பளம் 1,000 ரூபா வேண்டும் என்று 2015 அளவில் எழுந்த கோரிக்கை, சம்பள நிர்ணய சபையின் வழியாக 2021 மார்ச்சில்தான் சட்டமாயிற்று. 2024இல் அது 1,350 ஆனது. இடையில் எத்தனை ஊர்வலம், எத்தனை வேலைநிறுத்தம், வேலைக்குப் போகாத நாளின் அடுப்பை எண்ணி எத்தனை இரவு. ஆறு ஆண்டுகள் ஒரு தீர்மானத்தைக் கைவிடாமல் வைத்திருந்த அந்த மனங்களை எந்தக் கருவியில் படுக்க வைத்துப் படம் எடுப்பது? கோபமும் பசியும் அவர்களைத் தள்ளின என்று சபோல்ஸ்கி சொல்லலாம். தள்ளின, சரி. அதே கோபமும் பசியும் தலையெழுத்து என்று சுருண்டு படுக்கவும் தள்ளியிருக்கலாம். எந்தப் பக்கம் போனார்கள் என்பதில்தான் கதை இருக்கிறது.

ஆகவே மலையகத்தை எழுதுவோருக்கும் விமர்சிப்போருக்கும் என் வேண்டுகோள் எளியது. லயத்தின் இருட்டைக் குறைத்து எழுத வேண்டியதில்லை. அது செய்கிற கொடுமையைக் காரண காரியத்தோடு எழுதுங்கள். கொடியும் கோஷமுமாகக் கதையை முடித்து விடுதலை வழங்கிவிடவும் வேண்டாம். அந்த இருட்டுக்குள் ஒருவர் இதை மட்டும் செய்யமாட்டேன் என்று நிற்கும் சிறிய இடம் எங்கே இருக்கிறது என்று தேடுங்கள். பிள்ளையைத் தேயிலைக்கு அனுப்பமாட்டேன் என்று கடன்பட்டுப் பள்ளிக்கு அனுப்பிய தாயிடம் அது இருக்கலாம். குறைத்துப் போட்ட நிறையை ஒப்புக்கொள்ளாமல் தராசுக்கு முன்னால் நின்ற பெண்ணிடம் இருக்கலாம். விமர்சகரின் வேலை அந்த இடத்தைக் கண்டால் விரல் நீட்டிக் காட்டுவது. ஒரு கதையில் அது எங்குமே இல்லையென்றால், அந்தக் கதாசிரியர் லயத்துக்குள் போயிருக்கிறாரா, கடை வாசலில் நின்றபடியே எழுதினாரா என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.